சூடானால் செல்ஃப் எடுக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எங்கே அளப்பது, எதை மாற்றுவது

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டி, பெட்ரோல் போட நிறுத்தி, கால் மணி கழித்துத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. அதற்கு மேல் அசைவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். பழைய கொர்வெட், போர்ஷே 914, ஹெடர் (தொழிற்சாலை மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) போட்ட எம்ஜிபி என்று எதை எடுத்தாலும் இந்தக் கதைதான். பலரும் உடனே செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் புதிதாகப் போடுகிறார்கள். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அடுத்த கோடையில் பழையபடி ‘டக்’.

மோட்டாரைக் கழற்றும் முன் சூடு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று செல்ஃப் மோட்டாரின் சூட்டைக் கொண்டுபோய்விடும். இன்ஜினை அணைத்ததும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாய்த் தொகுதி) மட்டும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் சோலனாய்டு (செல்ஃபோடு இருக்கும் மின்காந்த ஸ்விட்ச்) அதிகமாகச் சூடாவது ஓடும்போது அல்ல, நிறுத்தியபின் பத்து முதல் இருபது நிமிடத்துக்குள். நிறுத்திய உடனே திருப்பினால் எடுக்கும் வண்டி, காபி குடித்துவிட்டு வந்தால் எடுக்காததற்கு இதுதான் காரணம்.

செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த சோலனாய்டு சுருள் 120 டிகிரிக்குப் போனால் தடை 39 சதவீதம் ஏறும், ஓடும் மின்னோட்டம் 72 சதவீதமாக இறங்கும். இழுக்கும் விசையோ தோராயமாக மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே விசை கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. நல்ல வயரிங் உள்ள வண்டியில் அந்தப் பாதி விசையே போதும். ஆனால் ஐம்பது வருடப் பழைய வயரில் 12 வோல்ட் புறப்பட்டு 9 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து முழு விசையில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பிளஞ்சர் (சோலனாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு) பினியனை (ஃப்ளைவீலில் மாட்டி இன்ஜினைச் சுற்றும் சிறு பல்சக்கரத்தை) தள்ளப் பார்க்கும், ஸ்பிரிங்கை வெல்ல முடியாமல் நின்றுவிடும். சூட்டை முழுதாக ஒழிக்க முடியாது, வயரில் தொலையும் வோல்ட்டை மீட்க முடியும். அதனால் வேலையை வயரிலிருந்து தொடங்குங்கள்.

எது செல்ஃப் கோளாறு, எது இல்லை

சூட்டில் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல. அது கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிவதாகவோ வேப்பர் லாக்காகவோ (குழாயில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது) இருக்கும்.

ஒரே ‘டக்’ அல்லது சத்தமே இல்லை என்றால் முதல் சந்தேகம் சோலனாய்டுக்குப் போகும் சிறிய வயரின் பாதை. ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி காலி, அல்லது முனையம் தளர்வு. அபூர்வமாக, சோலனாய்டைப் பிடித்து வைக்கும் சுருள் அறுந்திருக்கும். செல்ஃப் எடுக்கிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் தடித்த கேபிள், எர்த், மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வெண்கல வளையம்), அல்லது இக்னிஷன் டைமிங்.

டைமிங்கைப் பலரும் மறந்துவிடுவார்கள். தீப்பொறி அளவுக்கு மீறி முன்கூட்டியே வந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்துத் திருப்பி உதைக்கும். சூடான இன்ஜினில் இந்த உதை இன்னும் பலமாக இருக்கும். சோதிப்பது எளிது: இக்னிஷன் காயிலுக்கு (தீப்பொறிக்கு உயர் வோல்ட் தருவது) வரும் பிளஸ் வயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். இப்போது சிரமமின்றிச் சுற்றினால் செல்ஃப் மோட்டார் மேல் குற்றமில்லை, டைமிங் லைட்டை எடுங்கள். டைமிங் அளவுக்கு மீறிப் பின்தங்கினாலும் தொல்லைதான். எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு மேனிஃபோல்டைக் கூடுதலாகச் சூடாக்கும்.

சூட்டிலேயே அளக்க வேண்டும்

ஆறிய வண்டியில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, கோளாறு வரும் நிலைக்குக் காத்திருந்து அளக்க வேண்டும். அதற்கு முன்பே, வண்டி ஆறியிருக்கும்போது, செல்ஃபின் முனையங்களில் நீள வயர்களைக் கட்டி மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஹெடருக்கு நடுவே மல்டிமீட்டர் முனையைப் பிடித்துக்கொண்டு கை நுழைப்பது நடக்கிற காரியமில்லை. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, காயில் வயரைக் கழற்றி வைத்திருங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஜாக் ஸ்டாண்டு வையுங்கள்.

மீட்டரை வோல்ட்டில் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி நான்கு அளவு எடுங்கள்.

1. பேட்டரியின் இரு ஈய முனைகளுக்கு இடையே. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் முனையை கிளாம்ப் மேல் வைக்காமல் ஈயத்தின் மேலேயே வையுங்கள். கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவில்தான் பாதிக் கோளாறு ஒளிந்திருக்கும்.

2. பேட்டரி பிளஸ் முனையிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை. 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கேபிள் அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது.

3. பேட்டரி மைனஸ் முனையிலிருந்து செல்ஃபின் உடல் வரை. 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

4. பேட்டரி பிளஸ் முனையிலிருந்து சோலனாய்டின் சிறிய முனையம் வரை. பாஷ் மோட்டார்களில் இதன் எண் 50, டெல்கோவில் ‘எஸ்’. 1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

நான்காவது அளவில் பலர் ஏமாறுகிறார்கள். சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள். இழுக்கும் சுருள் முப்பது, நாற்பது ஆம்பியர் கேட்கும்; பிடித்து வைக்கும் சுருளுக்குப் பத்து ஆம்பியர் அளவில் போதும். பிளஞ்சர் முழுதாக உள்ளே போய்ப் பெரிய காண்டாக்ட் மூடியதும், இழுக்கும் சுருளின் இரு பக்கமும் ஒரே வோல்ட் வந்து அதில் மின்னோட்டம் நின்றுவிடும். ஆகவே செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளந்தால் வயர் நல்ல பிள்ளையாகத் தெரியும். ‘டக்’ என்று நின்றிருக்கும் அந்த நொடியில் காட்டும் இழப்புதான் உண்மையான இழப்பு. அங்கே 2 வோல்ட், 3 வோல்ட் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அளந்த கையோடு இன்னொரு சோதனை. செல்ஃப் எடுக்க மறுக்கும்போது, பெரிய போல்ட்டிலிருந்து சிறிய முனையத்துக்குத் தடித்த வயரோடு ஒரு பட்டன் ஸ்விட்ச் வைத்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். உடனே சுற்றினால் மோட்டாரும் சோலனாய்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) போட்டால் வேலை முடிந்தது. அப்போதும் ‘டக்’ மட்டும்தான், இரண்டாம் மூன்றாம் அளவுகளும் சரியென்றால் செல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான். பட்டன் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் இணைக்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. பொறி பறக்கும், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

கேபிளும் எர்த்தும்

செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் ஓடுகிறது, பேட்டரியிலிருந்து 4 மீட்டர் கேபிள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 சதுர மி.மீ. கேபிளில் சுமார் 0.86 வோல்ட் தொலையும், 35 சதுர மி.மீ. கேபிளில் 0.39, 50 சதுர மி.மீ. கேபிளில் 0.28. பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிக்கு 50 போடுங்கள், இன்ஜின் பக்கத்திலேயே இருந்தால் 35 போதும். பழைய கேபிளின் முனையில் உறையை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், எத்தனை தடிமனாக இருந்தாலும் தூக்கி எறியுங்கள். புது லக்கை (கேபிள் முனையில் போடும் வளைய முனையத்தை) அறுகோண கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், ஒட்டும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சால்டர் மட்டும் வைத்து ஒட்டிய லக் எக்ஸாஸ்ட் பக்கத்தில், அதிர்வில், நிலைக்காது.

எர்த் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்க வேண்டும், கிளட்ச் வேலை செய்தவர் அதைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். பட்டை இல்லாவிட்டால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பட்டையை இறுக்கி, மேலே வாசலின் தடவி மூடுங்கள். செல்ஃப் பொருந்தும் முகத்திலும் பெல் ஹவுசிங்கிலும் பெயின்ட் இருக்கக் கூடாது. அழகுக்காக முழுதாக பவுடர் கோட்டிங் செய்த மோட்டார்கள் இதனாலேயே மக்கர் செய்வதுண்டு.

ரிலே

போர்ஷே 914-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி பின்னால், இன்ஜின் அறையில். அங்கிருந்து வயர் முன்னால் இக்னிஷன் ஸ்விட்ச் வரை போய், மறுபடி பின்னால் செல்ஃப் வரை வர வேண்டும். 2.5 சதுர மி.மீ. வயர் மொத்தம் 6 மீட்டர் என்று வைத்தாலும் 40 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்ச், கனெக்டர்கள் எடுப்பது தனிக் கணக்கு. 1974 மாடல் அமெரிக்க வண்டிகளில் சீட் பெல்ட் போடாமல் கிளம்பாதபடி ஒரு பூட்டும் இந்தப் பாதையில் சேர்ந்தது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியென்றால் நியூட்ரல் ஸ்விட்சும் இதே வரிசையில் இருக்கும்.

ரிலேயின் சுருளுக்கு 0.2 ஆம்பியர்கூடத் தேவைப்படாது. அந்த அளவுக்கு எவ்வளவு நைந்த பாதையும் போதும். சோலனாய்டு கேட்கும் நாற்பது ஆம்பியர் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் போகும்.

ரிலே 70 ஆம்பியர் திறன் கொண்டதாக இருக்கட்டும். 30 ஆம்பியர் ரிலேயும் ஓடும், ஆனால் அதன் காண்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் செல்ஃப் நிற்காது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சோலனாய்டின் சிறிய முனையத்திலிருந்து பழைய வயரைக் கழற்றி ரிலேயின் 86-க்குக் கொடுங்கள் (இந்த எண்கள் ரிலேயின் முனையங்களிலேயே பொறித்திருக்கும்). 85-ஐ இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ எர்த் செய்யுங்கள். செல்ஃபின் பெரிய போல்ட்டிலிருந்து (அல்லது பேட்டரி பிளஸிலிருந்து) 6 சதுர மி.மீ. வயர் எடுத்து, புறப்படும் இடத்திலேயே 40 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, 30-க்குக் கொண்டுவாருங்கள். 87-இலிருந்து அதே தடிமனில் சோலனாய்டின் சிறிய முனையத்துக்கு. அவ்வளவுதான். பழைய வயரை வெட்ட வேண்டாம், அதன் முனைக்குப் பொருந்தும் எதிர்முனை போட்டால் நினைத்தபோது பழையபடி மாற்றலாம்.

ரிலேயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, முனையங்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்கும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86-இல் பிளஸ்தான் வர வேண்டும். 1967 வரை வந்த எம்ஜிபி போல பிளஸ் எர்த் வண்டிக்கு (பேட்டரியின் பிளஸ் முனையை உடலோடு இணைத்தது) டயோடு இல்லாத ரிலே வாங்கிவிடுங்கள், தலைவலி மிச்சம்.

ஃபோர்டு வண்டிகளின் ஃபெண்டரில் இருக்கும் தனி சோலனாய்டைக் கொண்டுவந்து பெரிய கேபிளையே அதன் வழியாக அனுப்பி, செல்ஃபில் பெரிய முனையையும் சிறிய முனையையும் ஒரு தகடால் இணைக்கும் வழக்கம் அமெரிக்க வி8 வண்டிகளில் பரவலாக உண்டு. பழைய சுருள் வகை (காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் வைத்த) மோட்டாருக்குப் பரவாயில்லை. நிரந்தரக் காந்தம் வைத்த புதிய சிறு மோட்டாரில் இதைச் செய்யாதீர்கள். சாவியை விட்டதும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் டைனமோபோல் மின்சாரம் தரும், அது தகடு வழியாகச் சோலனாய்டுக்கே திரும்பி வந்து பினியனைச் சற்று நேரம் ஃப்ளைவீலிலேயே பிடித்து வைக்கும். பல் அரைபடும் சத்தத்தைக் கேட்டபின் வருத்தப்பட்டுப் பயனில்லை. அந்த ஃபோர்டு சோலனாய்டை மேலே சொன்ன ரிலேயின் இடத்தில் மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

சூட்டைத் தடுப்பது

மேனிஃபோல்டிலிருந்து பாயும் கதிர்வீச்சு வெப்பத்துக்கு நடுவே ஒரு பளபளப்பான தகடு நின்றாலே பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். 1 மி.மீ. அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தகடு, இரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. காற்று இடைவெளி. அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது. தகடு மோட்டாரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சூட்டைக் கடத்திக்கொடுக்கும். தகட்டை இன்ஜின் பிளாக்கின் ஒரு போல்ட்டில் பொருத்துங்கள், மேனிஃபோல்டில் கட்டாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த தகட்டை யாராவது கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அதையே தேடிப் பிடியுங்கள். பழைய தகட்டில் நார்போன்ற சாம்பல் நிற அட்டை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம்.

செல்ஃபைச் சுற்றிக் கட்டும் வெள்ளிப் போர்வையும் உதவும். ஆனால் வெளிச்சூட்டைத் தடுப்பதுபோல் உள்சூட்டையும் அது பிடித்து வைக்கும். இடம் இருந்தால் தகடு, இடமே இல்லாவிட்டால் போர்வை. ஹெடர் குழாயைச் சுற்றும் நாடா கடைசித் தெரிவாக இருக்கட்டும்: ஈரத்தைப் பிடித்து வைத்துச் சாதாரண எஃகுக் குழாயை அரித்துவிடும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்து அது நேராகச் செல்ஃப் மேல் அடிக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் எந்தத் தகடும் தாங்காது.

மோட்டாரைக் கழற்றினால்

சோலனாய்டு மூடியைத் திறந்தால் செம்புத் தட்டும் இரண்டு போல்ட் தலைகளும் தெரியும். ஒரு பக்கம் குழியாகத் தேய்ந்திருக்கும். பல வகைகளில் தட்டைத் திருப்பிப் போடலாம், போல்ட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பலாம். புது முகம் கிடைத்துவிடும். பிளஞ்சரைத் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். கிரீஸ் பூசினால் சூட்டில் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும், தூசியும் சேரும். கார்பன் பிரஷ் புதியதின் பாதி நீளத்துக்கு வந்திருந்தால் மாற்றுங்கள்.

புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) ஒரு பக்கம் சாய்ந்து, அதைச் சூழ்ந்த ‘போல் ஷூ’ என்ற இரும்புத் துண்டில் உரசும். உரசிய இடம் கண்ணாடிபோல் மின்னும். சூட்டில் எல்லாம் விரியும்போது உரசல் கூடும், செல்ஃப் இழுக்கும். புது வெண்கலப் புஷ்ஷை ஒரு இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். பழைய போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் முன்பக்கப் புஷ் மோட்டாரில் இல்லை, கியர் பாக்ஸ் ஹவுசிங்கில் இருக்கிறது. மூன்று முறை மோட்டார் மாற்றியும் தீராத வண்டிகளில் அந்தச் சின்னப் புஷ்தான் காரணமாக இருக்கும். எம்ஜிபியின் லூகாஸ் ஸ்டார்ட்டர் கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையத்தை) சுத்தம் செய்யும்போது அதன் செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள மைக்காவைக் கீறி ஆழப்படுத்த வேண்டாம் என்பது தயாரிப்பாளரின் சர்வீஸ் குறிப்பு. டைனமோவில் செய்வதை இங்கே செய்துவிடாதீர்கள்.

கியர் ரிடக்‌ஷன் மோட்டார்

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் அழுத்தம் கூடியது, ஹெடர் செல்ஃபை உரசாத குறை என்றால் கியர் ரிடக்‌ஷன் மோட்டாருக்கு (உள்ளே பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டும் வகை) போகலாம். உருவம் சிறியது, சோலனாய்டைத் திருப்பி எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி வைக்கலாம், அதே வேலைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். வாங்குமுன் மூன்று விஷயம்.

பிளஸ் எர்த் வண்டியில் பழைய சுருள் மோட்டார் எந்தத் துருவத்திலும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். நிரந்தரக் காந்த மோட்டார் துருவம் மாறினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஒன்று வண்டியை மைனஸ் எர்த்துக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் சுருள் வகையே வாங்க வேண்டும்.

பாயிண்ட் வகை இக்னிஷன் உள்ள செவர்லே வண்டிகளில் பழைய சோலனாய்டின் ‘ஆர்’ முனையம் செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு முழு வோல்ட் தரும். புது மோட்டாரில் அது இருக்காது. ரிலேயின் 87-இலிருந்து காயிலின் பிளஸுக்கு ஒரு டயோடு வழியாக வயர் கொடுத்தால் ஈடாகிவிடும். டயோடின் கோடு போட்ட முனை காயில் பக்கம்.

மூன்றாவது, பல் இடைவெளி. செவர்லே வி8-இல் பினியனை வெளியே இழுத்துவைத்துப் பார்த்தால், அதன் பல்லிடுக்கின் அடிக்கும் ஃப்ளைவீல் பல் நுனிக்கும் நடுவே 0.5 மி.மீ. கம்பி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மோட்டாருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். சாதாரண போல்ட் கூடாது. நடுவில் வரிவரியான முண்டு உள்ள அதற்கே உரிய போல்ட்தான் மோட்டாரை இடம் மாறாமல் நிறுத்தும். 40 முதல் 47 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பழைய மோட்டாரின் முன்னாலிருந்த தாங்கிப் பட்டையும், பொருந்துமானால், திரும்பப் போட வேண்டும்.

வழியில் மாட்டிக்கொண்டால்

பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். ஈரத்துணியைச் சோலனாய்டு மேல் வைத்தால் சீக்கிரம் ஆறும், கோளாறு சூட்டால்தான் என்பதும் உறுதியாகும். துணியைப் பிழிந்து வையுங்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் தண்ணீர் கொட்டினால் வெடிப்பு விடும். ஸ்பானரால் தட்டுவது மாட்டிக்கொண்ட பிரஷ்ஷை விடுவிக்கும் பழைய வித்தை. சுருள் மோட்டாரில் தட்டலாம். காந்த மோட்டாரில் தட்டினால் காந்தம் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதன்பின் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.